தோட்டத்தில் நின்று பார்த்த பெண்மணி

துப்பறியும் நாவலை இரண்டாம் தடவை வாசிப்பது, முடிவு தெரிந்த கிரிக்கெட் போட்டியைத் திரும்பவும் பார்ப்பது போன்றது என்று என் சாச்சி சொல்வார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருந்த மாதங்களில் நான் அதைத்தான் செய்தேன். அலுமாரியில் இருந்த புத்தகங்கள் யாவும் முடிந்துபோனதால், தரம் ஒன்பதில் படிக்கும்போது வாசித்த அகதா கிறிஸ்டியின் நாவலொன்றை மீண்டும் எடுத்தேன். 'த மர்டர் அட் த விக்கரேஜ்' என்பது அதன் பெயர். பாதிரியார் வீட்டில் நடந்த கொலை என்று சொல்லலாம். 1930இல் வெளிவந்த நாவல். முதல் தடவை பக்கத்தில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு, கொலையாளி யார் என்று அறியும் அவசரத்தில் பக்கங்களைத் தள்ளினேன். இம்முறை கொலையாளி யாரென்று தெரியும், அவசரம் இருக்கவில்லை. கதையில் வரும் மனிதர்களைப் பார்க்க நேரம் கிடைத்தது.

கதை நடப்பது சென்ட் மேரி மீட் என்ற சிறிய ஆங்கிலக் கிராமத்தில். ஊரில் எவருக்கும் பிடிக்காத கேணல் ஒருவர் பாதிரியாரின் வாசிப்பறையில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். பாதிரியாரே கதையைச் சொல்லிச் செல்கிறார். பக்கத்து வீட்டில் மிஸ் மார்ப்பிள் என்ற மூதாட்டி இருக்கிறார். நரைத்த தலை, மென்மையான பேச்சு, திருமணமாகாதவர். எந்நேரமும் தோட்டத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். பறவைகளைப் பார்க்கவென்று ஒரு தொலைநோக்கியும் வைத்திருப்பார். பாதிரியார் வீட்டுப் பின்வாசலுக்குப் போகும் ஒழுங்கை அவரது தோட்டத்தின் ஓரமாகவே செல்கிறது. பறவைகளைத் தவிர வேறென்ன அந்தத் தொலைநோக்கியில் பட்டிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பாதிரியாரின் இளம் மனைவி அவரை ஊர்வம்புக்காரிகளில் மிக மோசமானவர் என்றே நினைக்கிறாள். முதல் வாசிப்பில் நானும் அவள் பக்கம்தான். மிஸ் மார்ப்பிள் பேசத் தொடங்கினாலே எனக்கு அலுப்பாக இருந்தது. கொலையைப் பற்றிக் கேட்டால், எப்போதோ அந்த ஊரில் நடந்த ஏதோவொரு சின்னச் சங்கதியைச் சொல்வார். அந்த இடங்களைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். இம்முறை வாசிக்கும்போதுதான் தெரிந்தது, நான் தாண்டிப் போன இடங்களில்தான் விடை முழுவதும் இருந்திருக்கிறது.

இன்னொரு காட்சியும் இருக்கிறது. கொலை நடந்த அறையில் இருந்த கடிகாரம் கவிழ்ந்து நின்றுபோயிருக்கிறது. நேரம் தவறாமல் இருப்பதற்காக அந்தக் கடிகாரத்தை எப்போதும் கால் மணித்தியாலம் முன்னதாக வைத்திருப்பது பாதிரியாரின் வழக்கம். அதை இன்ஸ்பெக்டர் ஸ்லாக்கிடம் சொல்ல முயல்கிறார். ஸ்லாக் அவரைப் பேசவே விடுவதில்லை. தரம் ஒன்பதில் இந்த இடத்தில் நான் சிரித்தேன். இம்முறை சிரிப்பு வரவில்லை. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

யாரும் பொருட்படுத்தாத ஒரு முதிய பெண்ணிடம் கதையின் முழு அறிவையும் ஒப்படைக்க இந்த எழுத்தாளருக்கு எப்படித் தோன்றியது என்று அறிய ஆசைப்பட்டேன். பொது நூலகத்தில் அவரது சுயசரிதை கிடைத்தது. தடித்த புத்தகம். அவர் இறந்த மறு ஆண்டு, 1977இல் வெளியானது. அந்த விடுமுறையில் எஞ்சிய நாட்கள் அதனோடு கழிந்தன.

அகதா 1890 செப்டெம்பர் 15ஆம் திகதி, இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாநிலத்தில், டோர்க்கி என்ற கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தார். தந்தை அமெரிக்கர். மூன்று பிள்ளைகளில் அகதாதான் கடைக்குட்டி. மூத்த சகோதரியைப் பாடசாலைக்கு அனுப்பிய தாய், அகதாவின் விடயத்தில் கொள்கையை மாற்றிக்கொண்டார். எட்டு வயதாகும்வரை ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கவே கூடாது என்பது அவரது புதிய எண்ணம். ஆனால் மற்றவர்கள் வாசித்துக்காட்டிய கதைப்புத்தகங்களைத் தானே புரட்டிப் புரட்டி, ஐந்து வயதுக்கு முன்பே சிறுமி வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தாதி இந்தச் செய்தியை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போலத் தாயிடம் போய்ச் சொன்னாராம். கணக்கைத் தந்தை சொல்லிக்கொடுத்தார். அது அவருக்கு மிகவும் பிடித்தது. எழுத்துப்பிழை மட்டும் கடைசிவரை போகவில்லை. (பாடசாலைக்குப் போகாமல் இருப்பது நல்லது என்று நான் சொல்வதாக எந்தத் தங்கையும் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாம்!) பதினொரு வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் வீட்டில் பணத்தட்டுப்பாடு. பிற்பாடு பாரிசில் சில காலம் படித்தார். பியானோக் கலைஞராக வரும் கனவு இருந்தது; ஆனால் சபையின் முன் வாசிக்கப் போனால் கை நடுங்கிவிடும். அந்தக் கூச்சம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

சிறுவயதில் அவரைக் கவர்ந்தவர்களில் ஒருவர் லண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த பாட்டி. உண்மையில் அவர் தாயை எடுத்து வளர்த்த பெரியம்மா, தந்தைக்குச் சிற்றன்னை. ஆகவே இரண்டு வழியிலும் பாட்டி முறை. வீட்டின் களஞ்சிய அலுமாரி எப்போதும் பூட்டியே இருக்கும். காலையில் அதைத் திறந்து, அன்றைய சமையலுக்கு வேண்டியதை அளந்து கொடுப்பார். சாவி யாரிடமும் போகாது. நல்ல மனசுக்காரர்; ஆயினும் எவரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பார். பயங்கரம் என்னவென்றால், அநேகமாக அவர் எதிர்பார்த்ததே நடந்துவிடும். மிஸ் மார்ப்பிள் இந்தப் பாட்டியின் நகல் அல்ல என்று அகதா தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் இந்த ஒரு குணத்தை மட்டும் பாட்டியிடமிருந்து எடுத்ததை ஒத்துக்கொள்கிறார். இதை வாசித்தபோது நான் நிமிர்ந்து எங்கள் உம்மும்மாவைப் பார்த்தேன். லுஹர் தொழுதுவிட்டு வழக்கம்போல ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். தெருவில் போன முச்சக்கரவண்டி யாருடையது, அது ஏன் இந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914இல், விமானப்படை அதிகாரியான ஆர்ச்சிபோல்ட் கிறிஸ்டியை அகதா மணந்தார். கணவர் போருக்குப் போனார். மனைவி டோர்க்கி வைத்தியசாலையில் தொண்டர் தாதியாகச் சேர்ந்தார். பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டு, அதற்குரிய பரீட்சையிலும் சித்தியடைந்தார். அவரது கதைகளில் நஞ்சு இவ்வளவு துல்லியமாக வருவதன் இரகசியம் இதுதான். போத்தல்கள் நிறைந்த அந்த அறையில் வேலை குறைந்த நேரங்களில்தான் ஒரு துப்பறியும் கதை எழுதலாமே என்ற யோசனை முளைவிட்டது. உன்னால் அது முடியாது என்று முன்பொரு முறை சகோதரி சொன்னதும் மனதில் இருந்தது.

பரீட்சைக்கான பயிற்சிக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் எழுதியிருக்கிறார். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதற்காகத்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

பட்டினத்தில் பெயர்பெற்ற மருந்துக்கலவையாளர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்கச் செல்வார். ஒருநாள் அந்த மனிதர் ஒரு நோயாளிக்கான மருந்தைத் தன் கையாலேயே தயாரித்துக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த அகதாவுக்கு ஒன்று உறைத்தது. கணக்கில் தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருக்கிறது. மருந்தின் வீரியம் பத்து மடங்காகியிருக்கிறது. அந்த மனிதரோ தன் கணக்குத் தவறும் என்று கனவிலும் நினைக்காதவர். சொல்வதற்கு இவர் யார்? நேற்று வந்த மாணவி, அதுவும் இளம்பெண். சொன்னால் கோபம் வரும், தான் செய்தது சரியென்றே சாதிப்பார், மருந்தும் நோயாளிக்குப் போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும். அகதா என்ன செய்தார் தெரியுமா? கால் தடுக்கியது போல விழப்போய், மருந்துகள் இருந்த பலகையைத் தட்டிக் கவிழ்த்தார். கீழே சிதறியவற்றைத் தற்செயல்போலக் காலால் நன்றாக மிதித்தும் விட்டார். பிறகு ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் கோபிக்கவில்லை. புதிதாகத் தயாரித்தார், இம்முறை சரியான அளவில்.

கவனயீனமான பெண் என்ற பெயரை அவராகவே வாங்கிக்கொண்டார். அன்று அந்த அறையில் கவனமாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

இதை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கடிகாரக் காட்சியில் சிரிப்பு வராததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. தரம் ஒன்பதில் நான் வேறொரு பாடசாலையில் படித்தேன். கல்விச் சுற்றுலாவுக்காக வகுப்பில் சேர்த்த காசு ஒருநாள் காணாமற்போனது. இடைவேளையில் வகுப்பறையிலேயே இருந்த ஒரு மாணவி மீது எல்லோருக்கும் சந்தேகம். அவள் ஏன் வெளியே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அவள் சாப்பாடு கொண்டுவருவதில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவளது புத்தகப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். காசுக் கடித உறையை வகுப்புத் தலைவி அவசரத்தில் வரவு இடாப்பின் நடுவே செருகியதை நான் காலையில் கண்டிருந்தேன். சொல்ல எழுந்தேன். ஆசிரியை என் பக்கம் திரும்பாமலே உட்காரச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாட்கள் உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் இடாப்பைப் புரட்டியபோது உறை கிடைத்தது. செய்தி வகுப்பில் அறிவிக்கப்பட்டது. அந்த மாணவியிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. பையிலிருந்து விழுந்த அவளது அழிறப்பர் என் கதிரைக்குக் கீழே உருண்டு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போதுதான் நான் இந்த நாவலை முதல் தடவை வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அகதாவின் கதைக்குத் திரும்புகிறேன். 1916இல் எழுதிய முதல் துப்பறியும் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டு 1920இல் வெளியிட்டது. ஒப்பந்தத்தைச் சரியாக வாசிக்காமலே மகிழ்ச்சியில் கையொப்பமிட்டார். இரண்டாயிரம் பிரதிகள் விற்கும்வரை அவருக்கு ஒரு சதமும் இல்லை. அடுத்த ஐந்து நாவல்களையும் அதே இடத்துக்கே கொடுக்க வேண்டும். அந்த முதல் நாவலால் அவருக்குக் கிடைத்தது மொத்தம் 25 பவுண். பத்திரிகைகளின் மதிப்புரைகளைவிட, நஞ்சு பற்றிய விபரங்கள் சரியாக இருப்பதாக ஒரு மருந்தியல் சஞ்சிகை எழுதியதுதான் அவருக்குப் பெருமிதம் தந்தது.

1926இல் அவரது பெயர் உச்சத்துக்குப் போனது. அதே ஆண்டில் வாழ்க்கை உடைந்தது. தாய் இறந்தார். பிறந்த வீட்டின் சாமான்களைத் தனியாக நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவரிடம் கணவர் வந்து, தான் வேறொரு பெண்ணை விரும்புவதாகவும் விவாகரத்து வேண்டுமென்றும் சொன்னார். டிசம்பர் 3ஆம் திகதி இரவு அகதா வீட்டைவிட்டுக் காரில் புறப்பட்டார். மறுநாள் கார் மட்டும் சரிவொன்றில் கிடந்தது. நாடு முழுவதும் தேடியது. பதினொரு நாட்களின் பின்னர் வட இங்கிலாந்தில் ஹரோகேட் நகர விடுதியொன்றில் இருந்தார். விடுதியில் அவர் பதிந்திருந்த குடும்பப் பெயர், கணவர் விரும்பிய அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர். நினைவிழப்பு என்று குடும்பத்தார் சொன்னார்கள். இதைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ ஊகங்களை எழுதிவிட்டார்கள். அவரது சுயசரிதையில் அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு, ஒரு பெண் தன் துயரத்தைப் பூட்டி வைத்துச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் அது அவர் உரிமை என்று பட்டது. ஈலிங் பாட்டியின் களஞ்சிய அலுமாரி ஞாபகத்துக்கு வந்தது.

பணம் தேவைப்பட்டது, மகள் ரோசலின்ட் சிறுமி. மனமில்லாமலே எழுத உட்கார்ந்தார். எழுதப் பிடிக்காத நாளிலும் எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்த அன்றுதான் தான் தொழில்முறை எழுத்தாளரானதாகக் குறிப்பிடுகிறார்.

மிஸ் மார்ப்பிள் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். 1926இல் வந்த அவரது புகழ்பெற்ற நாவலொன்றில் கரோலின் என்ற பாத்திரம் உண்டு; வீட்டைவிட்டு நகராமலே ஊரில் நடப்பது யாவையும் அறிந்துகொள்ளும் திருமணமாகாத பெண். அகதாவுக்கு மிகவும் பிடித்த பாத்திரம். அந்த நாவலை 1928இல் நாடகமாக்கியவர்கள் கரோலினைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அழகான ஓர் இளம்பெண்ணை வைத்தார்கள். வயதான பெண்ணைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள் என்று எண்ணியிருப்பார்கள் போலும். அந்த வருத்தத்திலிருந்தே மிஸ் மார்ப்பிள் வளர்ந்திருக்கலாம் என்கிறார் அகதா. சிறுகதையில் அவர் அதற்கு முந்திய ஆண்டே வந்துவிட்டார். ஒரு பெண்மணி வாங்கிய இறால் பொதி வீடு வந்து சேராமல் காணாமற்போனதைப் பற்றி அதில் பேசுவார். கேட்டிருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். முழு நாவலொன்றில் அவர் முதன்முதலாகத் தோன்றியது நான் மறுபடி வாசித்த இந்தப் புத்தகத்தில்தான். இன்ஸ்பெக்டர் வந்து போனபின், காலடிச் சத்தத்தையும், ஒரு பெண் கைப்பை இல்லாமல் நடந்துபோனதையும், யாரும் கேளாத இன்னும் பலவற்றையும் சேர்த்து வைத்தவர் தோட்டத்தில் நின்ற அந்தக் கிழவியே. இதற்கு மேல் சொல்லமாட்டேன். வாசிக்காத தங்கைமார் இருக்கிறார்கள்.

1928இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகச் சீட்டு எடுத்திருந்தார். ஓர் இரவு விருந்தில் ஒரு தம்பதியர் பக்தாதைப் பற்றிப் பேசக் கேட்டு, மறுநாளே சீட்டை மாற்றி, ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் தனியாகப் புறப்பட்டார். ஈராக்கின் ஊர் என்ற பண்டைய நகரில் அகழ்வு நடந்துகொண்டிருந்தது. 1930இல் மீண்டும் அங்கே போனபோது மாக்ஸ் மல்லோவன் என்ற தொல்லியலாளரைச் சந்தித்தார். அவர் ஏறக்குறைய பதினான்கு வயது இளையவர். அந்த ஆண்டு செப்டெம்பரில் திருமணம். அடுத்த மாதமே மிஸ் மார்ப்பிளின் நாவல் வெளிவந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் சிரியாவிலும் ஈராக்கிலும் கணவரின் அகழ்வுகளுக்குக் கூடவே சென்றார். பொழுதுபோக்கிற்காக அல்ல. படம் பிடித்தார், கிடைத்த பொருட்களைப் பதிந்தார். நிம்ரூதில் கிணற்றுச் சேற்றிலிருந்து எடுத்த தந்தச் சிற்பங்களைத் தன் முகத்துக்குப் பூசும் கிறீமைக் கொண்டே மெல்ல மெல்லத் துடைத்துச் சுத்தம் செய்தார். ஏறத்தாழ 2700 ஆண்டுகள் பழைமையான தந்தங்கள் அவை. எழுதுவதற்கென்று அங்கே கட்டிய சிறு அறைக்கு பைத் அகதா என்று பெயர். நம் வீட்டில் அரபு ஓதும் சின்னப்பிள்ளைக்கும் அதன் அர்த்தம் விளங்கும். சுயசரிதையை அவர் எழுதத் தொடங்கியதும் 1950இல் அந்த நிம்ரூதில்தான்.

1952இல் லண்டனில் தொடங்கிய அவரது 'மவுஸ்ட்ராப்' நாடகம் உலகிலேயே மிக நீண்டகாலம் மேடையேறும் நாடகமாகியது. அந்த வெற்றியைக் கொண்டாட சவோய் ஹோட்டலில் பெரிய விருந்து. படம் பிடிப்பதற்காக அகதா முன்னதாகவே வந்தார். வாசலில் நின்றவர் இவரை அடையாளம் தெரியாமல், இன்னும் நேரமாகவில்லை என்று தடுத்தார். நான்தான் இந்த நாடகத்தை எழுதியவள் என்று சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் திரும்பிவிட்டார். வேறு யாரோ கண்டு அழைத்துப்போனார்கள். நோயாளிக்காகப் பலகையைக் கவிழ்க்கத் துணிந்த அதே பெண், தனக்கென்று ஒரு வசனம் பேசவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அறுபத்தாறு துப்பறியும் நாவல்களை எழுதி, 1971இல் அரச கௌரவமும் பெற்று, 1976 ஜனவரி 12ஆம் திகதி தன் 85ஆவது வயதில் காலமானார். அவரும் 'விக்கரேஜ்' நாவலைப் பிற்காலத்தில் திரும்ப வாசித்திருக்கிறார். ஆட்கள் அதிகம், கிளைக்கதைகளும் அதிகம், ஆனால் அடிப்படைக் கதை உறுதியானது என்று ஒரு பரீட்சகரைப் போலப் புள்ளி போட்டிருக்கிறார். இரண்டாம் வாசிப்பில் எனக்கும் அப்படியே பட்டது. உபகதையொன்றின் முடிவு எனக்கு மறந்தே போயிருந்தது. சாச்சியின் கிரிக்கெட் உவமை அங்கே தோற்றது.

விடுமுறை முடிவதற்கு முன் அந்தப் பழைய வகுப்புத் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடாப்பு, கடித உறை, நான் எழுந்தது, உட்கார்ந்தது எல்லாம் அதில் இருக்கிறது. மூன்று தடவை கிழித்து நான்காம் தடவை எழுதியது. ஆனால் அவர்கள் குடும்பம் எந்த ஊருக்குப் போனதென்று அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் இதை உம்மும்மாவிடம் சொன்னேன். பிள்ளையின் பெயரை அவர் கேட்கவில்லை. அவளது உம்மா எப்படி இருப்பார், எந்த நிறத்துக் குடை பிடிப்பார், எந்தக் கடையில் சாமான் வாங்குவார் என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விலாசம் வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும் என்றார்.